பாலிசி யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி:

வணக்கம் ஐயா. தவளக்குப்பத்தில் குடியிருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியை வேலை. தினமும் பஸ்ஸில் போய் வந்து அலுத்துப்போய், ஜூலை மாதம் லாஸ்பேட்டையில் ஒருவரிடம் 2021 மாடல் பெட்ரோல் கார் (1,200 சிசி) வாங்கினோம். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் மட்டும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் முடிகிறது. "முடிந்ததும் உங்கள் பெயரில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் கார் புரோக்கர். அப்போது எதைப் போடுவது என்பதிலும் குழப்பம். ஒரு ஏஜென்ட் தேர்ட் பார்ட்டி போதும், நாலாயிரத்துச் சொச்சத்தில் முடியும் என்கிறார். இன்னொருவர் பம்பர் டு பம்பர் போடச் சொல்லி பதினாலாயிரம் கேட்கிறார். பெஞ்சல் மழையில் எங்கள் தெருவில் கார்கள் மூழ்கி நின்றதைப் பார்த்தேன். அப்படி ஆனால் பணம் வருமா? என் தம்பியும் சில நாள் ஓட்டுவான். அதற்குத் தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா?

— வாசகி, தவளக்குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் கடைசியாக முடிவு செய்யலாம் என்று நினைத்திருப்பதை முதலில் செய்ய வேண்டும். அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எந்த வகை பாலிசி என்ற கேள்விக்கு அப்புறம் வருவோம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இப்போது உங்கள் கார் பாதிப் பாதுகாப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு, கார் கைமாறும்போது அதன் இன்சூரன்ஸும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும் என்று சொல்கிறது. புரோக்கர்கள் இதை வைத்துத்தான் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார்கள். ஆனால் இந்தப் பிரிவு காப்பாற்றுவது மூன்றாம் நபரை மட்டும். உங்கள் கார் இடித்து எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் அவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும். உங்கள் காருக்கு அடிபட்டாலோ, திருடுபோனாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ இந்தப் பிரிவு கைகொடுக்காது. உச்ச நீதிமன்றம் 1996லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நான் சர்வேயர், அதாவது இன்சூரன்ஸ் கிளைமுக்காக அடிபட்ட கார்களின் சேதத்தை மதிப்பிடுபவன். ஒரு காரைப் பார்க்க ஒர்க்ஷாப்புக்குப் போனால் நசுங்கிய இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஆர்.சி.யில் ஒரு பெயர், பாலிசியில் வேறொரு பெயர் என்றால் அந்த கிளைம் அங்கேயே நின்றுவிடும். பழைய ஓனருக்கு அந்தக் காரில் இப்போது எந்த உரிமையும் இல்லை, அதனால் அவருக்கு இழப்பு இல்லை. உங்களுக்கு இழப்பு உண்டு, ஆனால் கம்பெனிக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. இரண்டு பேருக்குமே பணம் வராது. பிரீமியம் முழுவதும் கட்டப்பட்ட பாலிசி கையில் இருந்தும் இப்படி நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கார் கைமாறிய 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. பாலிசி கொடுத்த கம்பெனியின் கிளைக்கு, உங்கள் பெயரில் உள்ள ஆர்.சி. நகல், பழைய பாலிசி நகல், விற்றவரின் சம்மதக் கடிதம், உங்கள் அடையாளச் சான்று இவற்றோடு போங்கள். காரை ஒருமுறை நேரில் பார்க்கவோ போட்டோ எடுக்கவோ கேட்பார்கள், காட்டுங்கள். பெயர் மாற்றக் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆனால் பழைய ஓனர் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு வாங்கியிருந்தால், மீதமுள்ள மாதங்களுக்கு உரிய அந்தக் கழிவை நீங்கள் கட்ட வேண்டிவரும். ஏனென்றால் அந்தப் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, அவருக்குச் சொந்தம். எல்லாம் முடிந்ததும் ‘எண்டார்ஸ்மென்ட்’ என்று ஒரு தாள் தருவார்கள். அதில் உங்கள் பெயரும் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதும் இருக்கும். அந்தத் தாள் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்தது.

அந்த லாஸ்பேட்டை நண்பருக்கும் ஒரு சேதி சொல்லுங்கள். அவர் தன் போனஸுக்கு ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், 3 ஆண்டுக்குள் வாங்கும் இன்னொரு காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சரி, இனி வகைகளுக்கு வருவோம்.

தேர்ட் பார்ட்டி இல்லாமல் பொதுச் சாலையில் கார் ஓட்டக்கூடாது. அது 146ஆவது பிரிவு. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. நீங்கள் தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டி இரண்டு அரசுகளின் போலீசையும் பார்க்கப்போகிறவர். ஆனால் இந்த பாலிசியை போலீசுக்குக் காட்டும் காகிதம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 30 வயதில் ஒருவர், மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கிறார், அவரை நம்பி வீட்டில் நாலு பேர். உங்கள் கார் மோதி அவர் இறந்துவிட்டார், தவறு உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றங்கள் பின்பற்றும் முறைப்படி ஆண்டு வருமானம் 3 லட்சம். நிரந்தர வேலையில் இல்லாத, 40 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 4.2 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 3.15 லட்சம். அந்த வயதுக்கு உரிய 17ஆல் பெருக்கினால் 53 லட்சத்து 55 ஆயிரம். இழப்பீட்டில் சேரும் மற்ற தொகைகள் தனி. பாலிசி இருந்தால் இதைக் கம்பெனி கட்டும். இறப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது. பாலிசி இல்லையென்றால் உங்கள் சம்பளமும் வீடும்தான் பதில் சொல்ல வேண்டும். மற்றவர் வண்டி, சுவர், கடை போன்ற பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் என்று வரம்பு இருக்கிறது.

இவ்வளவு பெரிய பாதுகாப்புக்கு விலை குறைவு. 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் கார்களுக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 4,031. இந்த அடிப்படை விலை எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், அரசு வைத்தது. ஆகவே ‘எங்களிடம் தேர்ட் பார்ட்டி சீப்’ என்று யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் அந்த பாலிசி உண்மையானதுதானா என்று சந்தேகப்படுங்கள். அரசின் எம்-பரிவாகன் செயலியில் உங்கள் கார் எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை என்று தெரியும்.

ஆனால் அந்த முதல் ஏஜென்ட் சொன்னது போல இது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். காருக்காக மட்டுமில்லை, காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும்தான் சொல்கிறேன். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், சொந்தக் காருக்குள் இலவசமாக வரும் அம்மா, பிள்ளைகள், தோழிகள் இவர்களுக்குப் பொதுவாகப் பொறுப்பு வராது. உங்கள் தவறால் விபத்து நடந்து அவர்களுக்கு அடிபட்டால் கம்பெனி கையை விரித்துவிடலாம். பேக்கேஜ் பாலிசி, அதாவது காருக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசியில் அவர்களும் அடங்குவார்கள். உங்களோடு மஞ்சக்குப்பம் வரை இரண்டு ஆசிரியைகள் தினமும் ஏறிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு காரணமே போதும். அவர்களிடம் பெட்ரோலுக்குப் பங்கு வாங்குவதில் பெரிய சிக்கல் வராது. ஆனால் ஓன் போர்டு காரை சனி ஞாயிறுகளில் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் பழக்கம் புதுச்சேரியில் இருக்கிறது. அப்படி ஓடும்போது அடிபட்டால் உங்கள் காருக்கான கிளைம் போய்விடும். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஓட்டுகிற உங்களுக்கு? ஓனர்–டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பு என்று 15 லட்சத்துக்கு ஒன்று உண்டு. அது கட்டாயம், சில நூறு ரூபாய்தான். உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்கு வேறு விபத்து பாலிசி இருந்தால் இரண்டாவது முறை வாங்க வேண்டாம். பழைய ஓனர் பெயரில் இப்போது ஓடும் பாலிசியில் இது உங்களுக்குக் கிடையாது. பெயர் மாற்றும்போதே இதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மழைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது, அது நியாயமான பயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது காற்றும் மரமும்தான் கார்களை நொறுக்கின. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் வந்தபோது தண்ணீர் நொறுக்கியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டு வாசலில் நிறுத்திய கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி கடலூரைப் பிடித்துக்கொண்டது.

பேக்கேஜ் பாலிசியில் புயல், வெள்ளம், மரம் விழுவது எல்லாம் அடங்கும். உள்ளே நனைந்த சீட், கார்ப்பெட், வயரிங், மின்னணுப் பாகங்களுக்கும் கிளைம் வரும். நிறையப் பேர் ஏமாறுவது இன்ஜினில்தான். கார் நின்ற இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கினால் இன்ஜினுக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் வேலையோடு முடிந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினால் கதை மாறும். காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கிக்கொடுக்கும், தண்ணீர் அமுங்காது. அந்த அடியில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமாகக் கம்பெனி ஏற்காது; வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று ஒதுக்கிவிடும்.

பார்த்தால் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். டோர் பேடில் சேறு படிந்த கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன். சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பேன். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வரும். அது தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். அப்புறம் இன்ஜினைப் பிரித்தால் ஒரு ராடு மட்டும் லேசாக வளைந்து நிற்கும். யாரோ சாவியைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சொல்ல அந்த ஒரு ராடு போதும். அதோடு கம்பெனி கட்ட வேண்டிய தொகையில் பெரும்பகுதி, கார்க்காரர் கட்ட வேண்டியதாகிவிடும்.

ஆகவே நீங்கள் இருக்கும் ஊருக்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு அவசியம் என்பது என் கருத்து. சென்னையின் மேட்டுப் பகுதியில் இருப்பவர் அதை விட்டுவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன். தவளக்குப்பத்திலும் கடலூரிலும் கார் நிற்கப்போகிறது என்றால் விடவே மாட்டேன். அதை எடுத்தாலும் தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில பாலிசிகளில், தண்ணீர் புகுந்தது தெரிந்தும் ஓட்டினால் இந்தக் காப்பும் செல்லாது என்று எழுதியிருக்கும். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே கார் எண் தெரிய நாலைந்து போட்டோ எடுங்கள். கம்பெனியின் இலவச எண்ணுக்குச் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும். கயிறு கட்டி கியரில் இழுக்கக் கூடாது.

ஒரு விஷயம் கவனியுங்கள். கூடுதல் காப்புகளைப் பொதுவாகப் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும். உங்கள் பாலிசி முடிவதோ அக்டோபர் கடைசி, வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் கார் பரிசோதனை முடிந்தபிறகுதான் புது பாலிசி தருவார்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அதுவும் எளிதில் நடக்காது. அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். முன்கூட்டிக் கட்டினாலும் புது பாலிசி பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் தொடங்கும், நாள் எதுவும் நஷ்டமாகாது.

‘பம்பர் டு பம்பர்’ என்று அந்த இரண்டாவது ஏஜென்ட் சொன்னது ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது பாகங்களின் தேய்மானத்துக்குக் கழிக்காமல் பணம் தரும் காப்பு. அது என்ன செய்யும் என்பதை ஒரு பில்லில் பார்க்கலாம். முன்பக்கம் லேசாக இடித்து ஒரு பம்பரும், முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஒரு ஃபென்டரும் மாற்ற வேண்டியிருக்கிறது. பம்பர் 8,000, ஃபென்டர் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பேக்கேஜ் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி கழிப்பார்கள்: 4,000 போச்சு. இரும்புப் பாகத்துக்கு வயதைப் பொறுத்துக் கழிவு. 4 முதல் 5 வயது வரையுள்ள காருக்கு 35 சதவீதம்: 2,100 போச்சு. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 1,000 தனி. ஆக 14,000 ரூபாய் பாகத்தில் 7,100 உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டிப்ரிசியேஷன் இருந்தால் அந்த 1,000 மட்டும். புதிதாகக் கார் ஓட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள், கடலூர் சாலை நெரிசலில் தினமும் போகப்போகிறீர்கள். முதல் இரண்டு மூன்று வருடம் இதை வைத்துக்கொள்ளுங்கள். கார் 5 வயதைத் தாண்டியதும் சில கம்பெனிகள் இதைத் தராது, அப்போது யோசித்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை விட்டுவிடலாம். இன்வாய்ஸ் விலை கொடுக்கும் காப்பு புதுக் கார்களுக்கானது. போனஸைக் காக்கும் காப்புக்கு உங்களிடம் இன்னும் போனஸே சேரவில்லை. சாவி தொலைந்தால் பணம், பெட்டி தொலைந்தால் பணம் என்பதெல்லாம் வேண்டாம். எண்ணெய், கூலன்ட், நட்டு போல்ட்டுக்கான ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ மலிவாகக் கிடைத்தால் எடுங்கள். அடிக்கடி கேட்கும் இன்னொன்று துரு. கடற்கரை ஊரில் உப்புக்காற்றில் அடித்தட்டு துருப்பிடிப்பதற்கு எந்த பாலிசியும் பணம் தராது. வருடம் ஒருமுறை அடியில் கோட்டிங் அடித்துக்கொள்வதுதான் வழி.

பிரீமியத்தைக் குறைக்க ஏஜென்ட்கள் ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டுவார்கள். ஐ.டி.வி. என்பது கார் திருடுபோனாலோ முழுசாகப் போய்விட்டாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை. பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கணக்கிட்டு அந்தத் தொகையைக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளத்தில் கழுத்தளவு மூழ்கிய கார்களில் பல இப்படித்தான் முடியும். ஐந்து லட்சம் பெறும் காருக்கு நாலு லட்சம் எழுதி சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால், அந்த நாளில் ஒரு லட்சம் போய்விடும். இரண்டு கொட்டேஷனையும் ஒப்பிடும்போது முதலில் இந்த எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.

தம்பி ஓட்டுவதற்குத் தனி பாலிசி வேண்டாம். செல்லுபடியாகும் கார் லைசென்ஸ் இருந்து, உங்கள் சம்மதத்தோடு ஓட்டினால் காருக்கும் மூன்றாம் நபருக்கும் காப்பு அப்படியே செல்லும். எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்து, எல் போர்டு மாட்டியிருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கான கிளைம் போச்சு. அவனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். அந்த 15 லட்சம் விபத்துக் காப்பு உங்களுக்கு மட்டும்தான், அவன் ஓட்டும்போது அவனுக்கு வராது. அவன் அடிக்கடி ஓட்டுவான் என்றால் புதுப்பிக்கும்போது பயணிகளுக்கும் ஓட்டுபவருக்கும் என்று தனியாகச் சிறு தொகைக்கு விபத்துக் காப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டிப் பார்த்தால் பதினாலாயிரம் கேட்ட ஏஜென்டின் கொட்டேஷனில் ஜீரோ டிப்ரிசியேஷனும் இன்ஜின் புரொடெக்டும் இரண்டும் இருந்தால் அது அநியாய விலை இல்லை. இன்ஜின் புரொடெக்ட் இல்லாமல் பதினாலாயிரம் என்றால், தேவையில்லாத காப்புகளை எடுத்துவிட்டு அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும், அக்டோபருக்காக அவர்கள் தரும் கொட்டேஷனின் முதல் பக்கத்தையும் கூடுதல் காப்புப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். எதை வைக்கலாம், எதை அடிக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.